இரண்டு திரையும் ஒரே நிறமாக இருந்தது பற்றி

பெயர், முகவரி தனித்தாளில் உள்ளபடி. வயது எழுபத்து நான்கு. படிப்பு மூன்றாம் வகுப்பு. மகள் வயிற்றுப் பேத்தியுடன் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். அவள் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை செய்கிறாள். எனக்குக் கணினி தெரியாது. காது நன்றாகக் கேட்கும்.

பேத்தியின் குழு ஓர் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் பட்டியலைக் கவனிக்கிறது. அசல் பட்டியல் ஒரு திரையிலும், பழகிப்பார்க்கும் நகல் இன்னொரு திரையிலும் இருக்கும். இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அசலுக்கு மட்டும் சிவப்புப் பட்டை போடலாமா என்று பிப்ரவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பேத்தி குழுத் தலைவரிடம் போனில் கேட்டாள். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். (தேதியை, நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் எழுத்தர் காலண்டரில் பார்த்துச் சரி என்றார்.) "அலங்காரத்துக்கெல்லாம் இப்ப நேரமில்லம்மா" என்று தலைவர் சிரித்தது அடுப்படி வரை கேட்டது.

மார்ச் பதினான்காம் தேதி பகல் பதினொன்றே காலுக்கு நான் அவளருகில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். நகலை அழிக்கச் சொல்லித் தலைவர் அழைத்தார். எதையும் அழிக்குமுன் இரண்டாவது ஆள் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பேத்தி, "சார், ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். அவர், "உன்மேல நம்பிக்கை இருக்கு. பாத்தாச்சுன்னு போட்டுட்டேன், அழுத்து" என்றார். அதன்பின் அவள் அழுத்தினாள். அழிந்தது அசல். அழுத்தியது என் பேத்தியின் விரல்தான். அதை நான் மறைக்கவில்லை.

அதன்பின் தலைவரிடம் சொன்னாள். அவர், "யார்கிட்டயும் மூச்சு விடாத, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடலாம்" என்றார். பேத்தி என்னிடம், "அங்க ஆளு மேசையில படுத்திருப்பாங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு, தானே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, தன் பெயரைக் கூறி, அச்சடித்த தாளைப் பார்த்து நடத்தும்படி கேட்டுக்கொண்டாள். யாருக்கும் தீங்கு நேரவில்லை. அதன்பின் நான் நறுக்கி வைத்திருந்த பீன்ஸை மறுபடியும் எடுத்து நறுக்கினாள். நான் தடுக்கவில்லை.

லீவு தராத வஞ்சத்தில் வேண்டுமென்றே அழித்ததாகத் தலைவர் புகார் கொடுத்துள்ளதாக அறிகிறேன். லீவு கேட்டது என் கண் ஆபரேஷனுக்கு. தரவில்லை. ஒரு கண்ணில் கட்டோடு நான் தனியாக வீடு வந்து சேர்ந்தேன். அன்றும் பேத்தி, "விடு பாட்டி, அவருக்கும் மேல இருந்து குடைச்சல்" என்றுதான் சொன்னாள். வஞ்சம் வைத்தவள் நான். இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அவளுக்கு அது வராது.

மேலே எழுதியதை எழுத்தர் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(கையொப்பம்)