திரைக்கு வெளியே செருப்பு

வாசிகசாலைக்குள் செருப்போடு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஐயா, நீங்கள் மூன்று பேரும் சப்பாத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர்கள் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன். பழுகாமத்துக்கு இந்தப் பக்கத்தில் சிவப்புச் சீமெந்து பூசிய தரை எங்கள் வாசிகசாலைக்கு மட்டும்தான் உண்டு. சுவரில் சரஸ்வதி படம். அதற்குக் கீழே பொறுப்பாளர் கதிரையில் வினாயகமூர்த்தி ஆகிய நான்.

உங்களுக்கு முன்னமும் ஒரு சுயாதீன விசாரணைக் குழு வந்தது. நல்லரத்தினத்தைப் பொலிஸ் சுட்டது சரியா என்று பார்க்க வந்த குழு அது. அந்தக் குழுவிடம் சாட்சி சொன்ன அன்னப்பூரணியைப் பொலிஸ் சுட்டது சரியா என்று பார்க்க நீங்கள் வந்திருக்கிறீர்கள். இப்படியே போனால் எங்கள் ஊரில் சனத்தை விடக் குழுக்கள் கூடிவிடும்.

நல்லரத்தினம் வாவியில் வலை வீசிப் பிழைத்தவன். ஒரு நாள் காலையில் தோணித்துறையில் வைத்துக் காவலரண் சார்ஜன்ட் அவனைக் கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினான். தோளில் கிடந்த வலையும் கையோடு எழும்பியது. சார்ஜன்ட் சுட்டார். குண்டு எறிய வந்தான், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றார்கள். பார்த்தால் கையில் குண்டும் இருந்தது. டோர்ச்சுக்குப் பற்றரி கொண்டுவர விடாத காலம் ஐயா இது. ஆனாலும் எங்கள் ஊரில் செத்தவன் கைக்கு மட்டும் எப்படியோ ஒரு குண்டு வந்து சேர்ந்துவிடுகிறது.

துறையில் அப்போது தோணிக்குக் காத்து நின்றவர்கள் இரண்டு பேர். ஒருத்தி தயிர் விற்கும் அன்னப்பூரணி. மற்றது நான்.

குழு வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அன்னப்பூரணி என்னிடம் வந்தாள். “நான் சொல்லப்போறன் அண்ணன். நீங்களும் நிண்டீங்கதானே. வாங்க, ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்” என்றாள்.

துறையில் நின்றது நான்தானா என்பதே எனக்கு நிச்சயமில்லை என்று சொன்னேன். அவள் கோபிக்கவில்லை.

“பயமெண்டா விடுங்க. உங்கட பேர நான் சொல்லமாட்டன்.”

நான் அதை நம்பவில்லை. மனிதரை அவ்வளவு இலகுவில் நம்பிவிடக் கூடாது. கேள்விக்கு மேல் கேள்வி கேட்டால் யார் பெயரும் வாயில் வந்துவிடும். பிறகு என்னையும் கூப்பிடுவார்கள், சார்ஜன்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் சொல்ல வேண்டி வரும். எனக்குப் பயம்தான், அதில் என்ன வெட்கம். சார்ஜன்ட் என்னோடு நல்ல மாதிரி. சோதனையில் என் சைக்கிளை மறிப்பதில்லை. பின்னேரங்களில் பத்திரிகை பார்க்க வருவார். தமிழ் வாசிக்கத் தெரியாது, சினிமாப் படங்களை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கங்களை ஒழுங்காக மடித்து வைப்பார். வாசிகசாலை உறுப்பினர்களிடம் இல்லாத பழக்கம் அது.

குழு இங்கேதான் இருந்து விசாரித்தது. சாட்சி யாரென்று தெரியக்கூடாது என்பதற்காக ஒரு திரை கட்டச் சொன்னார்கள். என் வீட்டுப் படுக்கைவிரிப்பைக் கொடுத்து நானே கட்டினேன். சாட்சிகள் வாவிப் பக்கத்துப் பின்கதவால் வரவேண்டும், பொலிஸ் முன் விறாந்தையை விட்டு அசையக்கூடாது என்றார் தலைவர். பொலிஸ் ஏன் அங்கே என்று கேட்பீர்கள். பொலிசை விசாரிக்க வந்த குழுவுக்குப் பாதுகாப்பு வேண்டுமே. அதே காவலரணிலிருந்துதான் அனுப்பினார்கள், அதே சார்ஜன்டோடு.

அன்னப்பூரணிக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சல் வருத்தத்தில் இடது கால் கொஞ்சம் கட்டை. அந்தக் கால் செருப்புக்கு மட்டும் அடியில் மூன்று தட்டு டயர் வைத்துத் தைத்திருக்கும். ஊரில் அதைத் தெரியாதவர் இல்லை. தயிர் வாங்குகிற சார்ஜன்டுக்கும் தெரியும். அவளும் விவரமானவள்தான், பின்படியில் ஏறும்போதே கழற்றிப் பைக்குள் வைக்கப் பார்த்தாள்.

“சரஸ்வதி படத்துக்குக் கிட்டச் செருப்பக் கொண்டு போறதா? படியில வெச்சிற்றுப் போ புள்ள. நான் பாத்துக்கிறன்” என்றேன்.

அவள் படத்தைப் பார்த்தாள், வெட்கப்பட்டாள், செருப்பை வைத்துவிட்டு வெறுங்காலோடு நொண்டி நொண்டி உள்ளே போனாள். என்ன இருந்தாலும் பக்தியுள்ள பெண்.

பின்படியில் நாய்கள் திரிந்தன. பாத்துக்கிறன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே செருப்பை எடுத்துவந்து, எல்லோரும் கழற்றி வைக்கிற இடமான முன் விறாந்தையில் வைத்தேன்.

அந்தக் கிழமைக்குள்ளேயே அவளைத் துறையில் சுட்டார்கள். தயிர்ச் சட்டிக்குள் குண்டு இருந்ததாம். செத்த வீட்டுக்குப் போய் நான் அழுதேன் ஐயா, உண்மையாகவே அழுதேன். குழுத் தலைவர் மறுபடி வந்தபோது, அவள் சொன்னதில் வேறு யார் பெயரும் இருந்ததா என்று மெல்ல விசாரித்தேன். இல்லையாம். துறையில் தான் தனியாகத்தான் நின்றதாகச் சொல்லியிருக்கிறாள். பொய்ச் சாட்சி. கேட்டபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

நான் காட்டிக்கொடுத்தேனா என்று கேட்கிறீர்கள். முகத்தை மறைக்கச் சாக்குப் போட்டுக்கொண்டு பொலிசுக்குத் தலையாட்டுகிறவர்களை நானும் கண்டிருக்கிறேன். நான் அந்த இனம் இல்லை. யாரும் கேட்கவுமில்லை, நான் தலையை ஆட்டவுமில்லை.

அவள் சாட்சி சொன்ன அன்று சார்ஜன்ட் விறாந்தை வாங்கில் உட்கார்ந்து பத்திரிகையில் நடிகை ஒருத்தியின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பை அவர் காணவில்லை. கடைசிவரை கண்டிருக்கவும் மாட்டார். அவருடைய சப்பாத்துக் கால் அதன் மேலேயே கிடந்தது. நான் பக்கத்தில் போய், “சேர், காலக் கொஞ்சம் தூக்குங்க. அன்னப்பூரணிட செருப்பு மிதிபடுது” என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். திரைப் பக்கம் பார்த்தார். பிறகு காலைத் தூக்கினார்.

புதுச் செருப்பு ஐயா. மிதிபட்டால் அவள் மனம் நோகும் என்றுதான் சொன்னேன்.