இடுப்பளவு

அன்று காலை என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்டது, ஊசியில் நூல் கோத்துத் தரட்டுமா என்பதுதான். எனக்கு வெள்ளெழுத்து வந்து நாளாகிவிட்டது. அவருக்குக் கண் மட்டும் கடைசிவரை இளமையாகவே இருந்தது. கறுப்பு நூலில் ஒன்று, சாம்பல் நூலில் ஒன்று என்று கோத்து, தையல் மெஷின் பக்கத்தில் குத்தி வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் போனார். சற்று நேரத்தில் ஸ்டூல் சாயும் சத்தம் கேட்டது. மேல் அலமாரியில் பிஸ்கட் டப்பா இருந்தது. அது காலி என்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

இடுப்பெலும்பு முறிந்தது. படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் உயிரோடு திரும்பவில்லை.

இப்போது அந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் நீங்கள் விசாரிக்க வந்திருக்கிறீர்கள். அங்கே இருக்கும் டயட்டீஷியன் பெண் மீது என் மகள் புகார் கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண் வேலையில் இருப்பாளா, போவாளா என்பது நான் சொல்வதைப் பொறுத்தது என்றீர்கள். அதனால் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்கிறேன். டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த முன்னறைதான் என் தையல் கடை. அவர் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தார். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் கிளட்ச் மிதிக்கக் கற்றார்கள். கலகலப்பான மனிதர். அந்தக் கலகலப்புக்குப் பெரும்பாலும் நான்தான் தீனி. மகள் பிறந்த பிறகு எனக்கு உடம்பு போட்டது. அன்றிலிருந்து என் பெயர் மூட்டை. "மூட்டை, தண்ணி கொண்டா" என்றால் விருந்துக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். நான் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டால், "பாத்து, ஓவர்லோடு, போலீஸ் மடக்கப் போறான்" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு அவருக்குப் ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆண் ஹார்மோனை அடக்க ஊசி போட ஆரம்பித்தார்கள். நோய் அடங்கியது. இதோடு அவர் நெடுநாள் இருப்பார் என்று டாக்டர் சொன்னார். டயட்டீஷியன் பெண் எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினாள்.

"அம்மா, இந்த ஊசியால பசி கூடும், வயித்துல சதை போடும். ஆனா தசை கரையும், எலும்பு மெலியும். அதனால பட்டினி மட்டும் போட்டுடாதீங்க. முட்டை, மீன், பயறு, பால் எதுவும் குறையக் கூடாது. தட்டுல பாதி காய்கறியா இருக்கட்டும். உப்பு, இனிப்புல மட்டும் கையைப் பிடிங்க. தினமும் நடக்கட்டும், கொஞ்சம் வெயில் படட்டும்."

அவள் சொன்னது இவ்வளவுதான். அதில் ஒரு தவறும் இல்லை. இதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் அப்படியே சமைத்தேன். ஆனாலும் அவள் சொன்னதுபோல வயிறு போட்டது. பேண்ட் இடுப்பைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்தேன். மார்பும் கொஞ்சம் வீங்கியது. அந்த வெட்கத்தில், பீரோக் கண்ணாடியைக் கழற்றிவிடச் சொன்னார். திடீரென்று உடம்பெல்லாம் அனல் அடிக்கும், வேர்த்துக் கொட்டும், அடுத்த நிமிஷம் குளிரில் நடுங்குவார். டிவி விளம்பரத்தில் குழந்தை அழுதால் இவரும் அழுவார். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தார். மூட்டை போய், "ஏம்மா" வந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் சாப்பிட வந்தார்கள். அந்த வாரம் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருந்தது. அவர் பழையபடி தெம்பாக இருந்தார். நான் மீனில் இன்னொரு துண்டு எடுத்தேன்.

"மாப்ள, மூட்டையப் பாத்தீங்களா? ஊசி எனக்கு, சதை அவளுக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். மருமகனுக்குப் புரையேறியது. நல்ல ஜோக்தான், நானும் சிரித்தேன்.

அவர்கள் போன பிறகு அவருடைய சாம்பல் நிறப் பேண்ட்டை எடுத்தேன். தளர்த்துவதற்கென்று எடுத்ததுதான். பின்பக்கத் தையலைப் பிரித்து, ஒரு விரல் அகலம் உள்ளே பிடித்துத் தைத்துவிட்டேன். பழைய தையல் போன தடம் தெரியும். ஆவி காட்டித் தேய்த்தால் துணி அதை மறந்துவிடும்.

மறுநாள் அவர் பட்டன் போட முடியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, மறுபடியும் போட்டுட்டேன் போல."

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப ராத்திரிக்கு ரொட்டி வேணாம். சூப் மட்டும் குடு."

அவராகக் கேட்டார். நான் கொடுத்தேன். ஆரம்பம் இதுதான்.

அதன்பிறகு எல்லாப் பேண்ட்டையும் பிடித்தேன். சட்டைகளின் பக்கவாட்டையும் பிடித்தேன். அவர் இளைக்க இளைக்க நானும் பிடித்துக்கொண்டே வந்தேன். ஒரு மனிதன் டாக்டரைச் சந்தேகப்படுவான், தராசைச் சந்தேகப்படுவான், தன் பேண்ட்டைச் சந்தேகப்படமாட்டான். அதுவும் வீட்டுக்காரி கையால் தைத்ததை. பெல்ட்டை அவர் விட்டு நாளாகிவிட்டது. வீட்டில் கண்ணாடியும் இல்லை. காலையில் முட்டை நின்றது. பிறகு பால் நின்றது. பிறகு மீன்.

"ஏம்மா, ஒரே ஒரு முட்டை."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரி, பாதி?"

அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டு வாங்கியதில்லை, அதட்டித்தான் வாங்கினார். இப்போது கேட்டார். ஒவ்வொரு வேளையும் கேட்டார். நான் கரண்டியை எடுக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார், கரண்டியைப் பார்ப்பார், மறுபடி என் முகத்தைப் பார்ப்பார். சில நாள் பாதி முட்டை கொடுத்தேன். கொடுத்தபோது அவர் என் கையைப் பிடித்து, "நீ இல்லேன்னா நான் தின்னே செத்திருப்பேன்" என்றார். அன்றைக்காவது நான் நிறுத்தியிருக்கலாம். அந்தப் பேச்சைத்தான் இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

மகள் வந்தபோது, "என்னம்மா, அப்பா இப்படி வாடிட்டாரு?" என்றாள். ஊசி முகத்தை வற்ற அடிக்கும் என்றேன். "நீ வேற, என் தொப்பை உனக்குத் தெரியாது. பட்டன் போட்டாப் பிதுங்குது" என்று அவரே எனக்குச் சாட்சி சொன்னார்.

டயட்டீஷியன் பெண் அவ்வப்போது போன் பண்ணுவாள். "அப்பா ஒழுங்கா சாப்பிடறாராம்மா?" என்பாள். "அதுக்கென்ன குறைச்சல், நாக்கைக் கட்ட முடியல" என்பேன்.

என் மகள் கேட்பது நியாயமான கேள்விதான். ஊசி போடப் போகும்போதெல்லாம் எடை பார்த்தார்களே, எலும்பும் தோலுமான மனிதருக்கு எடை மட்டும் எப்படிக் குறையாமல் இருந்தது, ரொட்டியில் ஒரு துண்டைக் குறைக்கச் சொல்லி அந்தப் பெண் எப்படி எழுதினாள் என்று கேட்கிறாள். பொய் எடை எழுதியிருக்கிறாள் என்கிறாள்.

அவள் பொய் எழுதவில்லை. தராசு காட்டியதைத்தான் எழுதினாள்.

பெரிய ஜன்னல் திரை காற்றில் பறக்காமல் இருக்க, கீழ் மடிப்புக்குள் ஈயச் சங்கிலி வைத்துத் தைப்போம். என்னிடம் சுருள் சுருளாக இருந்தது. ஊசிக்குப் போகும்போது அவர் போட்டுக்கொள்ளும் கம்பளிக் கோட்டின் உள்துணியைப் பிரித்து, மடிப்பைச் சுற்றி அதை வைத்துத் தைத்தேன். அடுத்த முறை முதுகுப் பக்கம் இன்னொரு வரிசை. அதற்கடுத்த முறை தோள் பட்டைக்குள். அவர் குளிரில் நடுங்குவது நர்ஸுக்குத் தெரியும், கோட்டைக் கழற்றச் சொல்லமாட்டாள். அங்கே எல்லோருக்கும் அவசரம்.

"ஏம்மா, இந்தக் கோட்டு ஏன் இப்படிக் கனக்குது?"

"நல்ல துணின்னா கனக்கத்தான் செய்யும்."

"துணி மேல குத்தமில்ல. எனக்குத்தான் பலம் போயிடுச்சு" என்று சொல்லி, தராசில் ஏற என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் பிடிக்கக் கொடுத்தேன்.

கோட்டு அதோ அந்தக் கொக்கியில் தொங்குகிறது. போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு கையாலும் தூக்குங்கள். அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள். என் மகளிடம் நானே சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன், வாய் வரவில்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள்.

கொலை என்ற வார்த்தையை நீங்கள் சொல்லவில்லை. மரியாதை தெரிந்தவர். நான் சொல்கிறேன். பசியோடு இருந்த ஒருவரை, கொழுத்துவிட்டதாக நம்ப வைத்துக் கொன்றேன். கோபத்தில் செய்யவில்லை. அப்படிச் செய்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். இது தினமும் உட்கார்ந்து, அளவெடுத்து, பொறுமையாகச் செய்த வேலை.

அவர் போன பிறகு தூக்கம் போய்விட்டது. மெஷினை மூடி வைத்துவிட்டேன். வந்த துணிகளையெல்லாம் தைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சாப்பாடும் இறங்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் வேளை வந்தால் எனக்கு நன்றாகப் பசிக்கிறது.