இன்னொரு மாரிமுத்து

ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் கம்பளி போர்த்திய ஒருவர், பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எம் பேரைக் கூப்பிட்டாங்கன்னு நெனச்சு ஏமாந்துட்டேன் தங்கச்சி.”

“நீங்க எந்தத் தோட்டம் அண்ணே?”

“இப்ப எந்தத் தோட்டமும் இல்ல. பேர் வெட்டிட்டாங்க. வேல போனா லயத்துக் காம்பராவும் போச்சுல்ல.”

“அப்ப எங்க படுக்குறீங்க?”

“டவுன்ல, கடை வாசல்ல. இன்னைக்கு வெள்ளன ஒரு தோட்டத்துக்கு வேல கேட்டுப் போனேன். பெரட்டுக் களத்துல, பேர் கூப்பிட்டு வேல பிரிக்கிற எடத்துல, ஆளுங்க வரிசையா நின்னாங்க. நான் ஓரமா நின்னேன். கணக்கப்பிள்ளை ‘மாரிமுத்து’ன்னு கூப்பிட்டாரு. ‘இருக்கேங்க’ன்னு கையத் தூக்கிட்டேன். அந்தத் தோட்டத்துலயும் ஒரு மாரிமுத்து இருந்திருக்கான்.”

“அய்யோ! சிரிச்சாங்களா?”

“சிரிக்காம? கணக்கப்பிள்ளையும் சிரிச்சாரு. சிரிச்சிட்டு, வேல இல்லன்னு அனுப்பிட்டாரு. யாரும் பேரச் சொல்லிக் கூப்பிட்டு மாசக்கணக்காச்சு தங்கச்சி. அதான் வாய் முந்திருச்சு.”

“இப்ப எங்க போறீங்க?”

“சாமி கும்பிட மலைக்கு ஆளுங்க வர்ற சீசன்தானே. தேத்தண்ணிக் கடையில கோப்பை கழுவ ஆள் எடுப்பாங்க. பெஞ்சுக்கு அடியில படுத்துக்கலாம்.”

“சீசன் முடிஞ்சா?”

“மறுபடி கடை வாசல்தான்.”

மஸ்கெலியாவில் அந்தப் பெண் இறங்கினாள். பஸ் நகரும்போது கீழே நின்று, “மாரிமுத்தண்ணே, வாறேன்!” என்றாள்.

அவர் சட்டென்று எழுந்து நின்றார்.

“இருக்கேங்க” என்றார்.