என் நெற்றித் தழும்பின் உண்மை வரலாறு

அவைக்கு அழகூட்டி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, என்னைவிட ஓரிரு பற்கள் கூடுதலாக வைத்திருக்கும் பெரியோர்களே, பெற்று வளர்த்துப் பதறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் நின்று தப்பிக்க வழி பார்க்கும் இளங்காளைகளே! ஒரு சலவைக் கடை இஸ்திரிக்காரனின் வணக்கம்.

போன வாரம் இரண்டு தெருப் பிள்ளைகள் மோதி, கத்தி பட்டு ஒருவன் கை கிழிந்தது. அதனால் இந்தக் கூட்டம். நெற்றியில் விழுப்புண் ஏந்திய வீரன் என்று என்னைப் பேச அழைத்தார்கள். கேடயம் வேறு செய்திருக்கிறார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது. 'அஞ்சா நெஞ்சர்' என்று பொறித்திருப்பதாகத் தலைவர் சொன்னார்.

எங்கள் காலத்துச் சண்டை எப்படி? சட்டைப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்றுவோம். ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கழற்றுவோம். எதற்கு? எவனாவது வந்து பிடிக்கிறானா என்று! பிடித்துவிட்டால், "விடுங்கடா என்னை! இன்னைக்கு அவனா நானான்னு பாத்துடறேன்!" என்று பாய்வேன். ஒருமுறை, பிடித்தவனுக்குத் தும்மல் வந்து கையை எடுத்துவிட்டான். "ஏண்டா விட்டே?" என்று அவனோடுதான் சண்டை போட்டேன். சிரியுங்கள் அம்மா, இன்னும் இருக்கிறது.

என் மகன் காலத்தில் சைக்கிள் செயின் வந்தது. இன்றைக்கு? வசை இல்லை, வம்பு இல்லை, வாய் திறப்பதே இல்லை, பைதான் திறக்கிறது! காலம் கெட்டது என்று கர்ஜிக்கத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். கெடுத்தவன் யார்?

இன்று காலை குடையைத் தேடி என் பேரனின் பையைத் துழாவினேன். கத்தி தட்டுப்பட்டது. "என்னடா இது?" என்றேன்.

"தாத்தா, அன்னைக்கு உங்க கையில ஒண்ணு இருந்திருந்தா, உங்க நெத்தியில வெட்டியிருப்பானுங்களா?"

ஐம்பது ஆண்டுகளாக அந்தக் கதையை அளந்தவன் நான். மூன்று பேரை எதிர்த்தேன் என்று ஆரம்பித்தது, போன மாதம் ஏழு பேர் ஆகியிருந்தது!

"உண்மையைச் சொல்லும், பெரியவரே!" என்று குரல் கொடுப்பது யாரங்கே, தையற்காரரா? சொல்லத்தானே வந்தேன். வந்தது ஒரே ஒருவன். அதற்கு முந்தின நாள் அவனோடு வாய்த்தகராறு. வெறுங்கையோடு வந்தவன் செருப்பைக் கழற்றக் குனிந்தான். ஓடினேன்! புயலென ஓடினேன், புரவியென ஓடினேன், பின்னால் பார்த்துக்கொண்டே ஓடினேன். எங்கள் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. என் வீரமும் நெற்றியும் அங்கே பிளந்தன. கைக்குட்டையால் கட்டுப்போட்டது யார்? அவனேதான். "ஏண்ணே ஓடுனீங்க? செருப்புல கல்லு மாட்டிக்கிச்சுன்னு குனிஞ்சேன்" என்றான்.

பேரா! மூன்றாம் தூணோரம் தோளில் பையோடு நிற்பவனே! அன்று என் கையில் ஒன்று இருந்திருந்தால்? செருப்பில் கல் மாட்டியவனைக் குத்தியிருப்பேன்! அவன் மண்ணுக்குள், நான் சிறைக்குள், உன் அப்பன் எங்கே, நீ எங்கே? காலையிலேயே கத்தியைப் பிடுங்கியிருக்கலாம். நீ இன்னொன்று தேடியிருப்பாய். பிடுங்க வேண்டியது என் கதையை. அதைத்தான் ஊர் பார்க்கப் பிடுங்கிப் போட்டேன். கொண்டுவா அந்தக் கத்தியை.

வருகிறான். வழி விடுங்கள். கை தட்டாதீர்கள், கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவான்.

மருமகளே, காய் நறுக்கும் கத்தியைக் காணோம் என்று நான்கு நாளாக என்னைத்தானே திட்டினாய்? இதோ, மேடைக்கு வந்து வாங்கிக்கொள். அவனைத் திட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்.

தலைவர் அவர்களே, கேடயத்தை அந்த ஷட்டரில் மாட்டிவிடுங்கள். என்னைத் தடுத்து நிறுத்தியது அது ஒன்றுதான். ஓடியவன் பேச்சை ஓடாமல் கேட்ட உங்களுக்கு நன்றி, வணக்கம்.