கடற்கரை அளவில் நல்ல தண்ணீர்

காலை ஆறே கால் மணிக்கு எடுத்தால் கிணற்றுத் தண்ணீர் கைக்குச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். வெளிக்காற்று குளிர்ந்திருப்பதால் அப்படித் தோன்றுகிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் காலையிலும் மாலையிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் கடற்கரை.

மூன்று வருடம் தொண்டிப் பக்கம் கழிமுகத் தண்ணீரையும் சேற்றையும் சோதித்துக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு முறை, ஒரே இடம், ஒரே நேரம். தண்ணீரில் உப்பு எவ்வளவு, சேற்றில் கந்தகம் எவ்வளவு என்று எழுத வேண்டும். ஐம்பத்திரண்டு வாரம் இடைவெளி இல்லாத அட்டவணை இருந்தால்தான் அச்சுக்கு அனுப்பலாம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். முதல் வருடம் புயல் வந்தது. இரண்டாம் வருடம் நான் நட்ட அடையாளக் குச்சிகளை யாரோ வலை காயப்போடப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். மூன்றாம் வருடம் எனக்கு டைபாய்டு. நாற்பத்தொரு வாரம், முப்பத்தாறு வாரம், இருபத்தொன்பது வாரம். கூட்டினால் நூற்றாறு வருகிறது. அப்படிக் கூட்ட முடியாது.

1937 அக்டோபரில் என்னைக் கம்பம் பள்ளத்தாக்குக்கு மாற்றினார்கள். கூடலூருக்கு வடக்கே புளியங்களம் என்ற ஊர். நாற்பது வீடு. ஊர்க்கிணறு ஒன்றுதான். வாய்க்காலில் பெரியாற்றுத் தண்ணீர் ஓடும்போதும் நின்ற பிறகும் அந்தக் கிணற்றுத் தண்ணீரும் அடிச்சேறும் எப்படி மாறுகின்றன என்று ஒரு வருடம் பார்க்க வேண்டும். சனிக்கிழமை தோறும் ஒரு சீசா தண்ணீர், ஒரு குழாய்ச் சேறு. புயல் கிடையாது, வலை கிடையாது. இந்த முறை முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

கிணற்றடியில் எனக்கு உதவியாக இருந்தவள் ராமுத்தாய். சின்னக்கருப்பு என்ற உழவனின் மனைவி. மூத்த பெண் பவுனுக்கு ஏழு வயது. இளையவள் கைக்குழந்தை. கழுத்தில் ஈயம் கட்டிய சீசாவைக் கயிற்றில் இறக்குவதற்கு ஒரு பதம் வேண்டும். பக்கச் சுவரில் இடிக்கக் கூடாது, மேல்தண்ணீரை அள்ளவும் கூடாது. இரண்டாவது வாரத்திலேயே அவளுக்கு அது என்னைவிட நன்றாக வந்தது.

"ஏன் சார், வாராவாரம் இந்தத் தண்ணியக் கொண்டுபோயி அதுகிட்ட என்னதான் கேக்குறீக?" என்றாள் ஒருநாள்.

"எவ்வளவு உப்பு இருக்கிறது என்று கேட்கிறேன்."

"உப்பு வேணும்னா எங்க வீட்டுல கேக்க வேண்டியதுதான?"

கிணற்றடியில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் யாரிடமும் கடுமையாக நடந்தவன் இல்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

உப்பு பார்ப்பது எளிய வேலை. சீசாத் தண்ணீரில் மஞ்சள் மருந்து இரண்டு துளி விட்டு, வெள்ளி உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். தண்ணீர் மஞ்சளிலிருந்து செங்கல் நிறத்துக்குத் திரும்புகிற துளியில் நிறுத்த வேண்டும். எத்தனை துளி போயிற்று என்பதிலிருந்து கணக்கு வரும். முதல் வாரம் லட்சம் பங்குத் தண்ணீரில் 1.8 பங்கு உப்பு. நல்ல தண்ணீர். நானும் அதைத்தான் குடித்தேன்.

டிசம்பரில் கிணற்றுக்கு மேற்கே ஒரு கொட்டகை போட்டார்கள். ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும் கூலியாட்கள் ஒரு ராத்திரி தங்கிப் போவதற்கு. வாரத்துக்கு அறுபது, எழுபது பேர். கொட்டகைக்குப் பின்னால் கக்கூஸ் குழி வெட்டினார்கள். அங்கே மண் சரளை. குழிக்கும் கிணற்றுக்கும் நாற்பத்தாறு கஜம். நான் நடந்து அளந்தேன்.

ஜனவரி முதல் தேதி, பதினான்காவது வாரம், உப்பு 3.9.

எங்கள் ஆபீஸில் ஒரு விதி உண்டு. உப்பு முதல் வாரத்து அளவைப் போல இரண்டு மடங்கு தாண்டினால் தந்தி அடிக்க வேண்டும். காரணமும் விதியிலேயே இருக்கிறது. கடலோரத்தில் கிணற்றில் உப்பு ஏறினால் அது கடலின் உப்பு. இங்கே எந்தப் பக்கம் போனாலும் கடல் ஐம்பது மைலுக்கு அப்பால். இங்கே திடீரென்று ஏறுகிற உப்பு மனிதர் உடம்பிலிருந்து வருகிறது. உப்பு வந்த வழியில் மற்றதும் வரும்.

தந்தி அடித்தால் கிணற்றை மூடுவார்கள். அல்லது மருந்து போடுவார்கள். இரண்டில் எது செய்தாலும் பதினான்கு வாரத்தோடு அட்டவணை நின்றுவிடும். ஒரு கிணறு கெடத் தொடங்கும் நாளிலிருந்து வாரம் தவறாமல் அளந்தவர்கள் யாரும் இல்லை. கெட்ட பிறகுதான் எல்லாரும் வருவார்கள். நான் முன்பே வந்திருந்தேன். அது என் ஏற்பாடு இல்லை.

மாதாந்திர அறிக்கையில் உண்மையான எண்ணையே எழுதினேன். குறிப்புப் பத்தியில், "கடற்கரை அளவோடு ஒப்பிட்டால் நல்ல தண்ணீர்" என்று எழுதினேன். தொண்டியில் ஜனங்கள் இருபது, இருபத்தைந்து உள்ள தண்ணீரைக் குடிக்கிறார்கள். அந்த வரியில் பொய் கிடையாது. மேலே யாராவது எண்ணைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். குறிப்பை மட்டும் படித்திருக்கிறார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்த வாரத்திலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் செல்லப்பாண்டியின் தோட்டத்துக் கிணற்றிலிருந்து எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். டைபாய்டு வந்த உடம்பு என்று ராமுத்தாயிடம் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

"எங்க ஊருத் தண்ணி சாருக்கு ஆகலையாம், தொண்டை சீமைத் தொண்டையில்ல" என்று மற்றப் பெண்களிடம் சொல்லிக்கொண்டே குடத்தைத் தூக்குவாள். ஒரு மைல் போய் ஒரு மைல் வருவாள். வருகிற வழியில் அவள் வீடு இருக்கிறது. பவுனு வாசலில் நின்று, "ஆத்தா, ஒரு வாய்" என்று கேட்பாள். "இது சாருக்கு. உள்ள பானையில இருக்கு, போய்க் குடி" என்று சொல்லிவிட்டு வருவாள். நான் இரண்டு முறை பார்த்தேன். யாருக்கு எந்தத் தண்ணீர் என்பதில் அவள் மிகவும் சரியாக இருந்தாள்.

பிப்ரவரியில் 5.6. மார்ச்சில் 8.2. சேறுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. பித்தளைக் குழாயை அடியில் குத்தி எடுத்துக் கண்ணாடித் தட்டில் தள்ளினால், கீழே காவி நிறம், மேலே கறுப்பு. கறுப்பு வாரத்துக்கு ஒரு நூல் அளவு வளர்ந்துகொண்டிருந்தது. தொண்டிச் சேறு கலங்கிய சேறு. இது அடுக்கடுக்காக, கலையாமல் இருந்தது.

பங்குனியில் வாய்க்கால் நின்று கிணறு இறங்கியதும் தூர் எடுப்பது அந்த ஊர் வழக்கம். வீட்டுக்கு ஒரு ஆள். இருபத்தைந்தாவது வாரம், மார்ச் பத்தொன்பதாம் தேதி, ஊர்ப் பெரியவர் நல்லகண்ணுவும் முப்பத்தைந்து ஆட்களும் கூடை கயிற்றோடு வந்தார்கள். நான் கிணற்றுச் சுவர்மேல் கை வைத்து நின்று, அக்டோபர் வரை சேற்றைத் தொடக் கூடாது என்றேன். சர்க்கார் வேலை என்றேன்.

"சேத்த வச்சு என்ன செய்யப் போறீக சார், பானையா வனையப் போறீக?" என்றார் நல்லகண்ணு.

"அளக்கிறேன்."

"வருசா வருசம் எடுக்கிறதுங்க. எடுக்காட்டித் தண்ணி நாறும்."

"எழுத்தில் உத்தரவு வேண்டுமா?"

அவர் என் பின்னால் சுவரில் அடித்திருந்த ஆபீஸ் தகரப் பலகையைப் பார்த்தார். படிக்கத் தெரியாது. கிணற்றில் இறங்கத் தயாராக வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்த ஒச்சாண்டி என்பவன்தான் சொன்னான்: "ஏலே, கயித்தச் சுருட்டுங்கடா. சேத்துக்கும் சர்க்கார்ல உத்தியோகம் போட்டுக் குடுத்துட்டாக."

சிரித்துக்கொண்டே போனார்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்களே கண்டுபிடிப்பீர்கள். சேறு கலையக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஒச்சாண்டி இறங்கினால் மேற்குச் சுவரில் கசிவைப் பார்த்துவிடுவான். அவனுக்கு மருந்தும் கண்ணாடிக் குழாயும் தேவையில்லை. மூக்கு போதும்.

ஏப்ரல் பதினாறாம் தேதி கொட்டகையில் ஒரு கூலியாளுக்கு வாந்திபேதி. நான் போய்ப் பார்த்தேன். காலரா என்று தெரிந்தது. குழியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். அன்றைக்கு மட்டும் இரண்டு முறை தண்ணீர் எடுத்தேன், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நோய் வருவதற்கு முந்திய அளவும் பிந்திய அளவும் ஒரே கிணற்றில் கிடைப்பது அபூர்வம். அந்த ஆள் மறுநாள் இறந்தான். அவன் பேர் எனக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமைக்குள் ஊருக்குள் மூன்று பேருக்கு அதே நோய். இருபத்தைந்தாம் தேதி சுகாதார இன்ஸ்பெக்டர் செல்வமணி சைக்கிளில் வந்தார். களைத்திருந்தார். பெர்மாங்கனேட் டப்பாவைக் கட்டிக்கொண்டு ஆறு நாளாக ஊர் ஊராகக் கிணறுகளுக்கு மருந்து போட்டுவருகிறார். மருந்து விழுந்தால் என் அளவுகள் அத்தனையும் வீண். அவரை உட்கார வைத்து மோர் கொடுத்து, அறிக்கையின் குறிப்புப் பத்தியைக் காட்டினேன்.

"நீங்க பாத்ததுக்கப்புறம் நான் என்னத்தப் பாக்கிறது?" என்றார். "அப்ப வாய்க்கால் குட்டையிலதான் வந்திருக்கும். மருந்தும் கொஞ்சந்தான் மிச்சம். குட்டைக்குப் போட்டுட்டுப் போறேன் சார்."

குட்டைக்குப் போட்டுவிட்டுப் போனார். ஜனங்கள் குட்டைப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டு, எல்லாவற்றுக்கும் கிணற்றுக்கு வந்தார்கள். அவர் மேல் குற்றம் இல்லை. நான் காட்டியதைத்தான் அவர் படித்தார்.

மொத்தம் பத்தொன்பது சாவு என்று விசாரணையில் நீங்கள் சொல்கிறீர்கள். என் நோட்டில் பதினேழு. இரண்டு பேர் நான் எழுதுவதை நிறுத்திய பிறகு போயிருக்கலாம். முப்பத்து மூன்றாவது வாரம் கம்பத்திலிருந்து யாரோ வந்து என்னைக் கேட்காமலே கிணற்றில் மருந்தைக் கொட்டினார்கள். தண்ணீர் ஊதா நிறமாகிவிட்டது. பத்தொன்பது வாரம் பாக்கி இருந்தது. அந்த நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். சேற்றுப் பக்கங்களை மட்டுமாவது அச்சிடலாம்.

எனக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்கிறீர்கள். தெரியும். ஜனவரி முதல் தேதியிலிருந்து தெரியும். ஆனால் நான் கிணற்றில் எதையும் போடவில்லை. குழியை நான் வெட்டவில்லை. எடுத்தேன், அளந்தேன், எழுதினேன். அதற்குமேல் என் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

ராமுத்தாயைப் பற்றியும் கேட்டீர்கள். பவுனு இறந்தது ஏப்ரல் இருபத்தெட்டு, வியாழக்கிழமை. விடியற்காலையில் ஆரம்பித்து மத்தியானம் முடிந்துவிட்டது. கேட்கக் கேட்க அவள் பானைத் தண்ணீரையே கொடுத்துக்கொண்டிருந்தாளாம். சனிக்கிழமை அவள் வரமாட்டாள் என்று நினைத்து நானே கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். வீட்டுக்குத் தண்ணீர் எடுக்க வந்திருந்தாள். என்னிடமிருந்து சீசாவை வாங்கி, சுவரில் இடிக்காமல் இறக்கினாள். மேலே வந்ததும் அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையில் கொடுத்தாள். நான் தேதி எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றாள். "ஏழு மாசமா நீங்கதான் இதப் பாக்குறீக. ராத்திரியிலருந்து சின்னவ இவளும் தண்ணிக்கு அழுகுறா. இதக் குடுக்கட்டுமா?"