நாற்பத்திரண்டு வாக்கியங்கள்

பேசுகிறவர்களைவிடக் கைக்கடிகாரத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை முழுதாய் நிறைத்து முதிர்ச்சியோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையையும் மனத்தில் கவலையையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! கதவோரம் நின்று கைப்பேசியில் கண் பதித்திருக்கும் கண்மணிகளே! அனைவருக்கும் என் வணக்கம்.

"பிறமொழி கற்ற அனுபவம்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். என்னை நாலாம் வகுப்போடு நிறுத்தியவர் என் பெரியப்பா. "பொட்டப்புள்ள படிச்சு என்னத்தக் கிழிக்கப்போகுது?" என்றார். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருடம் ஆகிறது. என் கோபம் இன்னும் போய்ச் சேரவில்லை.

அப்படிப்பட்ட நான் அறுபத்தாறு வயதில் மறுபடியும் மாணவியானேன். ஏன்? அறிவுத் தாகமா? இல்லை! ஆராய்ச்சி ஆர்வமா? அதுவும் இல்லை! வீட்டில் என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரியுங்கள். பின்வரிசை மாமியார்கள் மட்டும் சிரிக்கவில்லை, கவனித்தேன்.

கணவர் மறைந்த பிறகு தமிழ்நாட்டை விட்டு இங்கே மகன் வீட்டுக்கு வந்தேன். மகன் நல்லவன். காலையில், "மாத்திரை போட்டீங்களாம்மா?" மாலையில், "சாப்பிட்டீங்களாம்மா?" ஒரு நாளைக்கு இரண்டு கேள்வி. மருமகள் தமிழ்ப்பெண்தான், ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். பேத்திக்குப் பன்னிரண்டு வயது. மூவரும் மேசையில் அமர்ந்தால் இந்த ஊர் மொழி அருவியாய்க் கொட்டும். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் என்மேல் ஒரு துளி தெறிக்காது.

வந்த முதல் மாதம். அடுப்பின் முன் நிற்கிறேன். மருமகள் என் பக்கம் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தாள். மகன் வாய்விட்டுச் சிரித்தான். பேத்தி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். என்னை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்றுதான் பேசுகிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். அன்றோடு மருமகளிடம் பேச்சை நிறுத்தினேன்.

"அத்தை, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல."

எட்டு மாதம்! அந்த "ஒண்ணுமில்ல" மட்டும்தான்!

ஆனால் அவள் சொன்னதை மறப்பேனா? எங்கள் பள்ளிக்கூடத்தில் பொருள் தெரியாமலே செய்யுளை ஒப்பிக்க வைப்பார்கள். அந்தப் பழக்கம் கைகொடுத்தது. பாத்திரம் கழுவி முடியும்வரை உதட்டுக்குள் உருப்போட்டேன். அறைக்குள் போய்த் தமிழ் எழுத்திலேயே நோட்டில் எழுதினேன். அடுத்தடுத்த வாரங்களில் காதில் விழுந்ததையெல்லாம் இப்படியே எழுதினேன். அர்த்தம் தெரியாத நாற்பத்திரண்டு வாக்கியங்கள்!

பிறகு, "நடந்துட்டு வரேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். சலவைக்கடைக்கு மேல் ஒரே அறை. கீழே இயந்திரம் சுற்றினால் மேலே நாற்காலி நடுங்கும். ஆசிரியை, தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அம்மாள். இருவர் இருவராய்ப் பேசிப் பழகச் சொல்வார். நாங்கள் ஒன்பது பேர். மிஞ்சுவது நான். கடைக்காரியும் நானே, வாங்க வந்தவளும் நானே. என்னோடு நானே பேரம் பேசி, எனக்கு நானே நன்றி சொல்லிக்கொண்டு இறங்கி வருவேன்.

ஓரளவு தேறியதும் ஒரு நாள் அந்த நோட்டை எடுத்துப் போனேன். முதல் வாக்கியத்தை வாசித்தேன். ஆசிரியை யோசித்தார். கரும்பலகையில் ஓர் அடுப்பை வரைந்தார். அதற்கு மேலே ஒரு விசிறியை வரைந்தார். மருமகள் சொன்னது இவ்வளவுதான்: அடுப்புக்கு மேலே புகை இழுக்கும் விசிறி மறுபடி நின்றுவிட்டது, போன தடவை பழுது பார்க்க வந்த ஆள் துடைப்பக் கட்டையால் அதைச் சுற்றிவிட்டுப் போனானே!

ஒரு விசிறிக்காக எட்டு மாத மௌனம்!

"மிச்சத்தையும் வாசியுங்கள்" என்றார் அந்த அம்மாள். மூன்று வாரம் வாசித்தேன். பள்ளிப் பேருந்து தாமதம். மேலதிகாரியின் முன்கோபம். பேத்தியின் பல்லுக்குக் கம்பி. பக்கத்து வீட்டு நாய்க்குக் கால் சுளுக்கு. எல்லாரும் இருந்தார்கள்! நாய்கூட இருந்தது! நான்? நாற்பத்திரண்டில் ஒன்றிலாவது நான் இருந்தேனா?

தாய்மார்களே, திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கேலி செய்திருந்தால் கொதித்திருப்பேன். என் வசையைக் கேட்பதற்காகவே ஒரு மொழியைப் படித்தேன். எனக்கென்று ஒரு வசைகூட அந்த வீட்டில் இல்லை!

நோட்டு முடிந்த வாரம், ஞாயிறு மதியச் சாப்பாட்டில், இந்த ஊர் மொழியிலேயே சொன்னேன்: "நீங்கள் பேசுவது எனக்குப் புரிகிறது. அதில் நான் எங்கேயும் இல்லை."

மருமகள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"அத்தை! எப்ப கத்துக்கிட்டீங்க?"

"எல்லாம் நீ சிரிச்சன்னிக்கு ஆரம்பிச்சதுதான்."

"ஏம்மா எங்ககிட்ட மறைச்சீங்க?" என்றான் மகன்.

"நீ ஏன்டா கேக்கல? தினம் ரெண்டு மணி நேரம் எங்க நடக்கறேன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் மொழியில் மெதுவாகக் கேட்டாள்: "பாட்டி, உங்கள் பெயர் என்ன?"

ஒரே கூரையின் கீழ் அத்தனை மாதம் இருந்தும் அந்தக் குழந்தைக்கு என் பெயர் தெரியாது! சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். பாதி உடைந்துதான் வந்தது. என் கணவர் போன பிறகு அந்தப் பெயரை வீட்டு மனிதர் ஒருவர் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

மருமகள் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அம்மா, விசிறி விஷயத்தில் தப்பு என்னுடையது, சபையறிய ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் நின்றவளையும் சேர்த்துக்கொண்டு சிரிக்காதது உன் தப்பு. அதை நான் மறக்க மாட்டேன்.

தலைவர் மணி அடித்துவிட்டார். பெற்றோரை அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, அறை கொடுத்தீர்கள், ஆகாரம் கொடுத்தீர்கள், பேச்சில் ஓர் இடம் கொடுத்தீர்களா? வாய்மூடி வாழும் தாய்மார்களே, அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். தப்பும் தவறுமாய்ப் பேசுங்கள். தைரியமாய்ப் பேசுங்கள். பேச்சுக்கு நடுவில் புகுந்து பேசுங்கள்!

இவ்வளவு நேரம் இடைமறிக்காமல் என்னைப் பேசவிட்ட உங்கள் செவிகளுக்கு என் நன்றி. இப்படி நான் பேசி, நாலு பேர் கேட்டு நெடுநாளாயிற்று. வணக்கம்.