வீட்டில் இல்லாத துவக்கு

கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரிய போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். துவக்குச் சூட்டுக் காயங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு மிஸ் தங்கள் லயத்து வீடுகளுக்கு வந்து போனதை இளையவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வீட்ல துவக்கு இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னுட்டேன். பொய் இல்லக்கா. அது வீட்லயா இருக்கு? காட்டோரமா பன்னிக்குக் கம்பி இழுத்துக் கட்டியிருக்கு. கால்ல தட்டுனா வெடிக்கும்.”

“எந்த எடத்துல?”

“எம் புருசனுக்குத்தான் தெரியும். கொழும்புக்கு வேலைக்குப் போயிட்டாரு, போன் எடுக்க மாட்டேங்கிறாரு.”

“அந்த மிஸ் நம்பர் குடுத்தாங்கல்ல? இப்பவே சொல்லு.”

“போலீஸ் அவரைப் புடிச்சிட்டுப் போயிருமேக்கா.”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“நாளைக்கு அந்தக் காட்டோரத்துலதான் நமக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. நீ முன்னால நடக்குறியா, நான் நடக்கட்டுமா?”